திருமுக்கூடல் ஆதுலர் சாலைக்கு எவ்வளவு பெருமை தகும்?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மருத்துவக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பழங்காலக் கல்விச்சாலைகள்தான் நம் மருத்துவத்தை வளர்த்தன என்று இந்தப் பக்கத்து மேடைகளில் பெருமையோடு பேசுவார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. அதனாலேயே அது எவ்வளவு தாங்கும் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வலுவான சான்று தொலைவில் இல்லை. வாலாஜாபாத் அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068-இல் வெட்டிய கல்வெட்டு அது. கோயிலை ஒட்டி ஒரு கல்லூரி, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி, இரவில் எரிய விளக்கு, மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடைக்குப் பெண்கள், நாவிதன், தண்ணீர் வார்ப்பவன். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று இருபது வகை மருந்து ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டும். விடுதி மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட ஒதுக்கீடு உண்டு. நோயாளியின் படுக்கையைச் சுற்றி என்னென்ன வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களை வணங்கத்தான் வேண்டும்.

ஆனால் பக்கத்துக் கூடத்தில் என்ன பாடம் நடந்தது? வேதம், வியாகரணம், ஆகமம். மருத்துவம் அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரியும் ஆதுலர் சாலையும் ஒரே வளாகத்தில் இருந்தும், மாணவன் அங்கே போனது நோயாளியாக மட்டுமே.

சம்பளக் கணக்கு இன்னும் கூர்மையானது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, கூடவே நிலம். சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவனுக்கு 30 கலம் நெல். ஏடு படித்தவனுக்குக் கிடைத்த நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான் கத்தி பிடித்தவனுக்கு. சோழ இளவரசி குந்தவை தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு விட்ட நிலமும் மருத்துவனுக்கும் அவன் வழியினருக்கும் என்றே விடப்பட்டது. தகப்பனுக்குப் பின் மகன் என்றான இடத்தில் தகுதியைச் சோதிக்க யார் இருந்தார்கள்? பாக்தாத்தில் 931-இலேயே, ஒரு நோயாளி தவறான சிகிச்சையால் இறந்ததும், தேர்வில் தேறாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கலீபா அல்-முக்ததிர் ஆணையிட்டு, சினான் இப்ன் தாபித்திடம் பொறுப்பைக் கொடுத்தார்.

கல்வெட்டு கோயில் கணக்குதானே, மருத்துவக் குறிப்பேடு அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிகிச்சை அனுபவம் சுவரில் இல்லாததால் யாரும் எதையும் கண்டறியவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யாருக்கு மதிப்பு, எது பாடம் என்பதைக் கணக்கு மறைப்பதில்லை.

எதிர்த்தரப்புக்கு உண்மையான பலம் திருவாவடுதுறை. விக்கிரம சோழனின் 1121-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, அங்கே அட்டாங்க இருதயமும் சரக சம்கிதையும் படித்த மாணவர்களுக்குச் சோறு போடப்பட்டது. இங்கே மருத்துவம் பாடமாகவே இருந்தது. நாலந்தாவிலும் அப்படித்தான். ஆனாலும் திருவாவடுதுறையில் பெயர் சொல்லப்படும் இரண்டுமே பல நூற்றாண்டு பழைய வடமொழி நூல்கள். அறுவைக்கு முதல் நூலான சுசுருத சம்கிதை அந்த வரிசையில் இடம்பெறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நோயாளியைப் பேணும் முறையை இந்தச் சாலைகள் வளர்த்தன. அந்தப் பெருமை முழுதாகவே அவர்களுக்கு உரியது. மருத்துவ அறிவைப் பொறுத்தவரை அவர்கள் காத்தவர்கள், பெருக்கியவர்கள் அல்ல. பற்பம், செந்தூரம் என்று தமிழ் மருத்துவம் கண்ட புதுவழிகள் குருவிடமிருந்து சீடனுக்கு, ஓலைச்சுவடி வழியாக, இந்தக் கூடங்களுக்கு வெளியிலேயே வளர்ந்தன. சித்த மருத்துவம் அரசின் வகுப்பறைக்குள் வந்தது 1925-இல், சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியபோதுதான்.