முக்கியமா, உயிரா? ‘உயிர்மெய்’ என்ற தலைப்பும் தாதி கொடுத்த அட்டையும்



சில வாரங்களுக்கு முன் அம்மாவை ஒரு மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். சிராங்கூன் சாலையில் காய்கறி, பூ வாங்கிவிட்டு அப்படியே போய் வரலாம் என்றுதான் கிளம்பினோம். (வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் ‘மருந்தகம்’ என்றால் மருத்துவர் பார்க்கும் இடம். மருந்துக்கடை இல்லை.) தாதி அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினார், விரலில் கிளிப்பை மாட்டினார், நெற்றியில் சூடு பார்த்தார். எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அட்டையின் தலைப்பு நான்கு மொழிகளிலும் அச்சாகியிருந்தது. தமிழில் ‘முக்கிய அறிகுறிகள்’.

அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “முக்கியமான அறிகுறி இருக்குன்னு போட்டிருக்காங்க. என்ன நோயின்னு போடலையே. நீயும் டாக்டரும் சேர்ந்து எதையாவது மறைக்கிறீங்களா?”

எண்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அன்று இரவு பதினொரு மணிக்கு என் தம்பிக்கு ஃபோன் போட்டு அழுதிருக்கிறார். அடுத்த தவணைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் வேறு. பத்து வருடமாக மாணவர்களுக்குச் சொற்பொருள் நடத்துகிறேன். என் வீட்டிலேயே ஒரு சொல் ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

தவறு எங்கே நடந்தது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ‘வைட்டல் சைன்ஸ்’. அந்த ‘வைட்டல்’ லத்தீன் மொழியில் உயிரைக் குறிக்கும் ‘வீட்டா’ என்ற சொல்லின் வழியில் வந்தது. உயிர் சார்ந்தது என்பதுதான் அடிப்படைப் பொருள். உயிருக்கே வேண்டியது என்பதிலிருந்து, மிக முக்கியமானது என்ற பொருள் பின்னால் கிளைத்தது. மொழிபெயர்த்தவர் கிளையைப் பிடித்துக்கொண்டு வேரை விட்டுவிட்டார். அகராதியில் இரண்டு பொருளும் இருக்கும், எது இந்த இடத்துக்கு உரியது என்று அகராதி சொல்லாது. கருத்தறிதல் பகுதியில் நாம் மாணவர்களிடம் தினமும் திருத்தும் அதே பிழைதான் இது.

‘அறிகுறி’யிலும் ஒரு சிக்கல் உண்டு. “தலை சுத்துது, நெஞ்சு அடைக்குது” என்று நோயாளி தானே உணர்ந்து சொல்வது ஒன்று. பிறர் பார்த்து, தொட்டு, அளந்து கண்டுபிடிப்பது இன்னொன்று. ஆங்கில மருத்துவம் முதலாவதை ‘சிம்ப்டம்’ என்றும் இரண்டாவதை ‘சைன்’ என்றும் பிரிக்கிறது. நாம் இரண்டுக்கும் ‘அறிகுறி’ என்றே சொல்கிறோம். பேச்சில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘நோய்’ என்பது சொல்லாமலே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, அம்மா தப்பாகப் படிக்கவில்லை. சரியாகவே படித்தார். அச்சடித்ததுதான் தப்பு.

அந்த அட்டையில் இருந்தவை என்ன? உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம். இந்த நான்கும்தான் அடிப்படை. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. இவற்றை எண்ணாக எழுதி வைக்கும் பழக்கமே அவ்வளவு பழையது இல்லை. உடல் வெப்பத்தை முறையாக அளந்து பதிவுசெய்து கார்ல் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் நூல் வெளியிட்டது 1868இல். கையில் சுற்றும் ரத்த அழுத்தப் பட்டை 1896இல் இத்தாலியில் வந்தது. நம் ஊரில் இவை வீட்டுச் சாமான்களாகவே ஆகிவிட்டன. 2003இல் சார்ஸ் வந்தபோது பள்ளிப் பிள்ளைகளின் கையில் வெப்பமானி வந்தது. 2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் கொடுத்தது. கருவி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்கேற்ற சொல் வரவில்லை.

இனித் தலைப்புகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்த மருத்துவச் சொல் மருத்துவமனையை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. மருத்துவ மாணவர்களைப் பற்றி 1990இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்துக்கு அந்தப் பெயர். கனடாவின் ‘ரஷ்’ குழுவுடைய 1981 இசைத்தொகுப்பில் கடைசிப் பாட்டுக்கும் அதே பெயர். எனக்குச் சுவையாகப் படுவது பாகிஸ்தானின் ‘வைட்டல் சைன்ஸ்’ இசைக்குழு. 1987இல் ‘தில் தில் பாகிஸ்தான்’ பாட்டால் புகழ்பெற்ற இளைஞர்கள். மருத்துவமனையோடு ஒரு சம்பந்தமும் இல்லை. எங்களிடம் உயிர்த்துடிப்பு இருக்கிறது என்பது மட்டும்தான் அந்தப் பெயரில் கேட்கிறது. யாரும் அதை ‘முக்கிய அறிகுறிகள் குழு’ என்று புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்!

தமிழில் இதற்கு அருகில் வரும் தலைப்பு எது என்று யோசித்தால் எனக்கு உடனே தோன்றுவது ‘உயிர்மெய்’. 2014இல் ஜீ தமிழில் ஒளிபரப்பான மருத்துவத் தொடர். அமலா மருத்துவராக நடித்தார். தொடரின் தரத்தைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது தமிழாசிரியர்களின் சொத்து.

தொடக்கப்பள்ளியில் படித்தது: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. இந்தப் பெயர்கள் உடலிலிருந்து எடுத்தவை என்பதை நாம் பாடம் நடத்தும் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். மெய் என்றால் உடம்பு. அது தனித்து இயங்காது, உயிர் சேர்ந்தால்தான் இயங்கும். ‘க்’ என்பதில் ‘அ’ சேர்ந்ததும் புள்ளி போய் ‘க’ ஆகிறது. உருவத்துக்கு அடிப்படை மெய், ஒலிக்கும் அளவோ உயிருடையது என்கிறது இலக்கணம். அந்த அளவின் பெயர் மாத்திரை. மெய்க்கு அரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை எவ்வளவு நேரம்? தொல்காப்பியம் கடிகாரத்தைக் காட்டவில்லை, மனித உடலைக் காட்டுகிறது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம்.

போன ஆண்டு உயர்நிலை மூன்றில் இதை நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், மாத்திரைன்னா பாட்டி சாப்பிடுறது இல்லையா?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அது தவறு. நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். அளவு என்ற பொருள் இரண்டு இடத்திலும் எப்படி வந்து உட்கார்ந்தது என்று அவனையே தேட விட்டிருக்கலாம்.

ஆக ‘உயிர்மெய்’ என்று ஒரு மருத்துவத் தொடருக்குப் பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. எழுத்து, உயிரும் உடலும், உயிரும் உண்மையும் என்று மூன்று பொருள் ஒரே சொல்லில் வருகிறது. 2021இல் வந்த சிவகார்த்திகேயன் படத்துக்கு ‘டாக்டர்’ என்று பெயர். கதையோ கடத்தப்பட்ட சிறுமியை மீட்பது. அங்கே தலைப்பு வெறும் பெயர்ப்பலகை.

ஆனால் மாணவர்களே, ‘தலைப்பின் பொருத்தத்தை ஆராய்க’ என்று கேள்வி வந்தால் புகழ்ந்து எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எங்கே பொருந்தவில்லை என்றும் கேளுங்கள். இலக்கணத்தில் உயிர் மெய்யை இயக்குகிறது. மருத்துவமனையிலோ மெய் பழுதானால் உயிர் நிற்பதில்லை. திசை தலைகீழ். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இன்னும் குழப்பம். 2013இல் வந்த ‘சென்னையில் ஒரு நாள்’ பாருங்கள் (‘டிராஃபிக்’ என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம்). மூளைச்சாவு அடைந்த இளைஞன் ஒருவன். இதயம் துடிக்கிறது, கருவி மூச்சு விட வைக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது. அட்டையில் எழுத எல்லா எண்ணும் உண்டு, ஆனால் ஆள் இல்லை. அந்த இதயத்தை இன்னொரு உயிருக்காகக் கொடுக்கச் சொல்லிப் பெற்றோரிடம் கேட்கிறார்கள். அந்த நிலையைச் சொல்ல நம் 247 எழுத்தில் ஒரு வகை கிடையாது. ‘உயிர்மெய்’ என்ற தலைப்பால் எட்ட முடியாத இடம் அது.

‘ரமணா’வில் (2002) வருவது இதற்கு நேர் எதிர். ஏற்கெனவே இறந்துபோனவரின் உடலைத் தனியார் மருத்துவமனை உள்ளே வாங்கிக்கொண்டு, சிகிச்சை நடப்பதாகச் சொல்லிச் சொல்லிப் பணம் பறிக்கும் காட்சி. மிகைதான், விஜயகாந்த் படத்துக்கே உரிய மிகை. ஆனாலும் இருபது வருடம் கழித்தும் மக்கள் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. யாராவது வெளியே வந்து சொல்லும் சொல் மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. என் அம்மா அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஏறக்குறைய அப்படித்தான்.

‘நாடி’யைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 948ஆம் குறளில் ‘நாடி’ மூன்று முறை வருகிறது. மருந்து அதிகாரம் என்பதால், வள்ளுவர் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்கிறார் என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் சிலரே அப்படி விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். மூன்றும் ‘நாடு’ என்ற வினையிலிருந்து வந்த வினையெச்சம். ஆராய்ந்து என்று பொருள். மணிக்கட்டில் துடிப்பது வேறு நாடி. சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது அதில்தான். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடிதான் முதலில் வரும். பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று பட்டியல் நீளும். இவை நோயை அறிவதற்கானவை, தாதி எடுக்கும் எண்களோடு ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஐந்தாவதாக ‘மொழி’ இருப்பதைக் கவனித்தீர்களா? நோயாளி எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பது.

தமிழ் இந்தத் துறையில் சொல்லுக்குத் தவிக்கும் மொழி இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ‘விவசாயம் நாட்டின் உயிர்நாடி’ என்று கட்டுரையில் எழுதாத மாணவர் உண்டா? உயிர், முக்கியம் என்ற இரண்டு பொருளையும் அந்தச் சொல் ஒன்றாகச் சுமக்கிறது. ஆங்கில ‘வைட்டல்’ செய்வதும் அதேதான். அப்படி இருக்க ‘முக்கிய’ என்று ஏன் போக வேண்டும்?

என் விருப்பம் ‘உயிர்க்குறிகள்’. குறி என்றால் அடையாளம், நோய் என்ற நிழல் அதில் இல்லை. குறிசொல்வது ஞாபகம் வரும் என்று ஒரு சக ஆசிரியை சொன்னார். கொச்சையான இன்னொரு பொருளும் இருக்கிறது, உயர்நிலைப் பையன்கள் சிரிப்பார்கள் என்றார். அதுவும் சரிதான். ‘உயிர்நிலை அளவுகள்’ என்பது அவருடைய யோசனை. நீளம் கொஞ்சம் அதிகம், ஆனாலும் பயமுறுத்தாது. இரண்டில் எதை அச்சடித்தாலும், கீழே வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் என்று தனித்தனியாகத் தமிழில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மருத்துவ அட்டையையோ துண்டுப்பிரசுரத்தையோ மாணவர்கள் கொண்டுவரட்டும். பெயர், அடையாள எண்ணை மறைத்துவிட்டு. தமிழ்ப் பகுதியைத் தாத்தா பாட்டியிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வரட்டும். நான் முதலில் அம்மாவிடமே செய்தேன். அட்டையை மடித்து வைத்துவிட்டு, “இதுக்கு நீங்க பேர் வைக்கிறதா இருந்தா என்ன வைப்பீங்கம்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“உசுருக் கணக்கு.”

அடுத்த தவணைக்கு வந்துவிட்டார். நாடி 78 என்று தாதி சொன்னதும், “கணக்கு சரியா இருக்கா?” என்று கேட்டார். இதே சொல்லை ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதியிருந்தால், பேச்சுவழக்கு என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அரை மதிப்பெண் குறைத்திருப்பேன். நீங்கள் எத்தனை போடுவீர்கள்?