தங்கவயல் பையன்களும் திரையில் வந்த ரவுடியும்

'எனக்குக் கோலார் தங்கவயல்' என்றால் முன்பெல்லாம் "இன்னும் தங்கம் கிடைக்குதா?" என்று கேட்பார்கள். 2018க்குப் பிறகு "ராக்கி ஊரா?" என்கிறார்கள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த என் அக்காள் மகனையும் முதல் நாளே அப்படித்தான் கேட்டார்களாம். "சிரிச்சிட்டு வந்துட்டேன் மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

எங்கள் ஊரில் ரவுடிப் பையன்களே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை 'லைன்' என்போம். லைனுக்கு லைன் பையன்கள் கூட்டம் உண்டு. பந்தாட்டத்தில் தொடங்கும் தகராறு திருவிழாவில் அடிதடியாகும். நானும் கல் எறிந்தவன்தான்; வாங்கிய கல்லின் தழும்பு நெற்றியில் இருக்கிறது. ஆனால் சங்கு ஊதினால் கூட்டம் கலைந்துவிடும். அப்பா ஷிப்டு முடிந்து வரும் நேரம் அது.

இது நமக்கு மட்டும் உரியதன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால்பதித்த காலத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 'ஸ்கட்லர்' எனப்பட்ட இளைஞர் கும்பல்கள் தெருவுக்குத் தெரு மோதிக்கொண்டிருந்தன. பித்தளைப் பக்கிள் வைத்த பெல்ட்டே அவர்களின் ஆயுதம். அதில் ஒரு கும்பல், பெங்கால் தெருவின் பெயரால் 'பெங்கால் டைகர்ஸ்' என்று அழைக்கப்பட்டது! ரோனா மன்றோ இவர்களைப் பற்றி எழுதிய 'ஸ்கட்லர்ஸ்' நாடகம் 2015இல் மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் அரங்கில் நடந்தது. 2011இல் அந்நகரில் நடந்த கலவரமே அதற்குத் தூண்டுகோல். அந்த நாடகத்தில் கும்பலுக்குப் பின்னால் பஞ்சாலை நிற்கிறது. அடிக்கிற கை, நாளெல்லாம் தறியோடு மல்லுக்கட்டிய கை என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறது.

பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்' படங்கள் (2018, 2022) இதற்கு நேர்மாறானவை. அவற்றின் படப்பிடிப்பு அழகைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சைனைடு மேட்டை அவ்வளவு பிரம்மாண்டமாக நானே பார்த்ததில்லை. ஆனால் ராக்கி பம்பாயில் வளர்ந்த ரவுடி. அவன் வந்து மீட்கும்வரை சுரங்கத்து மக்கள் வாயில்லாத அடிமைகள். கதைப்படி தங்கம் கண்டெடுக்கப்படுவதே 1951இல்தான்!

"கற்பனைதானே, விடுங்க" என்பார்கள். பெயர் மட்டும் கற்பனை இல்லையே? 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அதற்கு எந்த ராக்கியும் வந்ததில்லை.

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) வடாற்காட்டிலிருந்து வந்த நம் முன்னோரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்த வகையில் அது பெரிய காரியம். ஆயினும் அது தொடக்கத்தின் கதை. அதுவும் மாயமும் தொன்மமும் கலந்தது. முடிவின் கதையை யார் சொல்வது?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சங்கும் ஓய்ந்தது. கூட்டத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிய சத்தம் அது. பிறகு வளர்ந்த பையன்கள் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். சிலர் பிடிக்கவில்லை, வழி தவறினார்கள். அவர்கள் ஏன் தவறினார்கள் என்று கேட்பதுதான் நாடகத்தின் வேலை. துப்பாக்கியைக் கையில் கொடுத்துக் கைதட்டுவது அல்ல.

நம் சங்க மேடையில் ஆண்டுதோறும் நாடகம் போடுகிறோம். தங்கவயல் பையன் ஒருவனை, அவன் அப்பாவின் ஷிப்டோடு சேர்த்து, ஒரு முறையாவது மேடையேற்றுவோமா?