தவணை யுகம்

அமெரிக்காவின் 1920களுக்கு 'ஜாஸ் யுகம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1922ல் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் சிறுகதைத் தொகுப்பின் தலைப்பில் வைத்துப் பரப்பிய பெயர் அது. ஒரு கதைக்காரன் சொன்னதைச் சரித்திரக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதில் இலக்கியப் பக்கத்தவர்களுக்கு ஒரு திருப்தி உண்டு. எனக்கு அது இல்லை. காலத்துக்கு வைக்கும் பெயரும் ஒரு விமர்சனத் தீர்ப்புதான். எதைப் பார்க்க மறுத்தோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

யாருடைய ஜாஸ்? 1923ல் கிங் ஆலிவரின் குழுவில் இளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாசித்துப் பதிவான இசைத்தட்டுகளுக்கும் ஃபிட்ஸ்ஜெரால்டின் உலகத்துக்கும் அநேகமாக ஒட்டே இல்லை. அவரிடத்தில் ஜாஸ் என்பது பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது. ஹார்லெமின் காட்டன் கிளப் இந்த மனோபாவத்தின் கட்டட வடிவம்: மேடையில் கறுப்பர்கள், மேஜைகளில் வெள்ளையர்கள் மட்டும். 1926ல் லாங்ஸ்டன் ஹியூஸ் வெளியிட்ட முதல் தொகுப்பில் அந்த இசை கவிதையின் மூச்சாகவே வருகிறது. ஆனால் யுகத்துக்குப் பெயரிடும் உரிமையை ஹியூஸுக்கு யாரும் தரவில்லை. 'கர்ஜிக்கும் இருபதுகள்' என்ற இன்னொரு பெயரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை; சினிமா போஸ்டருக்கு ஆகும்.

நான் முன்வைக்கும் பெயர் 'தவணை யுகம்'. வங்கிக் குமாஸ்தாவுக்கு இப்படித்தான் தோன்றும் என்று நண்பர்கள் சிரிக்கலாம். 1925ல் வந்த 'தி கிரேட் காட்ஸ்பி'யைத் திறந்து பாருங்கள். கதை சொல்லும் நிக் நியூயார்க் வருவதே கடன்பத்திர வியாபாரம் கற்க. வந்ததும் அலமாரியில் அடுக்குவது வங்கி, கடன், முதலீடு பற்றிய ஒரு டஜன் புத்தகங்கள். பச்சை விளக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த அலமாரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1919லேயே கார்க் கடனுக்கென்று தனி நிறுவனம் தொடங்கியது. கடன் பிடிக்காத ஹென்றி ஃபோர்டு 1923ல் வேறொரு திட்டம் போட்டார்: வாரம் ஐந்து டாலர் கட்டு, முழுத்தொகையும் சேர்ந்தபின் காரை எடுத்துப் போ. நம் ரெக்கரிங் டெபாசிட்தான். ஜனங்கள் சீந்தவில்லை. அவர்களுக்குக் கார் முதலில் வேண்டும், பணம் பிறகு. 1928ல் ஃபோர்டும் கடன் நிறுவனம் தொடங்க வேண்டியதாயிற்று. பங்குச்சந்தையிலும் இதே கதை: விலையில் ஒரு பகுதியைக் கட்டினால் போதும், மீதி தரகர் கடன். 1929 அக்டோபரில் அந்த மீதியைக் கேட்டார்கள்.

'ஜாஸ் யுகம்' என்ற பெயருக்குள் விவசாயி கிடையாது. யுத்தகால விலையை நம்பி நிலத்தை அடமானம் வைத்தவன் 1920க்குப் பின் விலை சரிந்ததும் தவணை கட்ட முடியாமல் விழுந்தான். அவனோடு கிராமத்துச் சிறு வங்கிகளும் விழுந்தன, வருஷத்துக்குச் சராசரியாக 600க்கு மேல். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1924ல் காங்கிரஸ் போனஸ் வழங்கியது. பெரும்பாலோர் கைக்கு வந்தது 1945ல் பணமாகும் ஒரு சான்றிதழ். பொறுக்கமுடியாமல் 1932ல் வாஷிங்டனில் கூடாரம் போட்டவர்களை ராணுவம் விரட்டியது.

கறுப்பர்களை அடித்துக் கொல்லும் கும்பல்களைத் தண்டிக்க டயர் கொண்டுவந்த மசோதா 1922 ஜனவரியில் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப்பேசியே அதைச் சாகடித்தார்கள். அப்படி ஒரு மத்தியச் சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில்.

தவணை வெறும் பொருளாதாரச் சொல், அதில் அந்தக் காலத்தின் ருசி இல்லை என்று ஆட்சேபிக்கலாம். காட்ஸ்பி செய்வது வேறென்ன? ஐந்து வருஷத்துக்கு முன் கைவிட்டுப்போன ஒருத்திக்காக, வளைகுடாவின் எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, விருந்து விருந்தாகக் கட்டிக்கொண்டே போகிறான். பொருள் மட்டும் கைக்கு வருவதில்லை. இதை ஃபிட்ஸ்ஜெரால்ட் கண்டுகொண்டார். அவர் வைத்த பெயர்தான் அவர் நாவலைவிடச் சின்னது.

அவரே அப்படித்தான் வாழ்ந்தார். வரவுகளைத் தன் கைப்பட ஒரு பேரேட்டில் எழுதிவந்தவர், பதிப்பாளரிடமும் ஏஜண்டிடமும் முன்பணம் வாங்கியே காலம் தள்ளினார். 1924ல் 'ஆண்டுக்கு 36,000 டாலரில் வாழ்வது எப்படி' என்று ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவு வந்தும் எதுவும் மிஞ்சாத கணக்கு அது.