நித்திரையும் நியமமும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த சந்திரமௌலீசுவரர் ஆலயத்தின் வக்கிரகாளி சன்னிதியில், பௌர்ணமி இரவுகளில் கண்விழித்து நின்று தொழுகின்ற ஜனத்திரளைக் காண்கிறவர்களுக்கு, நித்திரையைத் தள்ளி வைப்பதும் ஒரு வழிபாடே என்பது விளங்கும். அவ்வூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் சங்கராபரணி ஆறு கடலைச் சேருகின்ற புதுவையிலும், அதற்குத் தெற்கே கெடிலக் கரையிலும், நித்திரையே பாட்டுக்குக் காரணமாயிற்று என்று சொல்லத்தக்க இரண்டு சரித்திரங்கள் உண்டு. உறக்கத்துக்கும் சிருஷ்டிக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராயப் புகுவோர் இந்த வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம்.

கெடிலக் கரைச் சரித்திரம் சுந்தரருடையது. சேக்கிழார் விரித்துரைக்கும் பிரகாரம், திருவெண்ணெய்நல்லூரில் தடுத்தாட்கொள்ளப்பட்ட பின் தலயாத்திரை புறப்பட்ட அவர், திருவதிகையை அடைந்தபோது, அப்பரடிகள் உழவாரத் தொண்டு செய்த அந்தப் பதியைத் தம் காலால் மிதிக்க அஞ்சி, புறத்தே இருந்த சித்தவடமடத்தில் படுத்தார். இரவில் ஒரு கிழவர் வந்து அருகே படுத்துத் தம் பாதங்களை அவர் தலைமேல் வைத்தார். இது என்ன என்று கேட்டதற்கு, திக்குத் தெரியாமல் போனது மூப்பினால் என்று சமாதானம் வந்தது. சுந்தரர் தலைமாட்டை மாற்றிப் படுத்தார். அங்கும் அதே பாதம். இப்படிப் பலமுறை ஆன பின், பொறுக்கமாட்டாமல் நீர் யார் என்று வினவ, கிழவர் மறைந்தார்; பதிகம் பிறந்தது. அற்புதம் ஒருபுறமிருக்க, என் சித்தத்தைக் கவர்வது அதற்கு முன் நிகழ்ந்ததுதான்: அந்த மண்ணை மிதிப்பதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒரு நியமத்தை நெஞ்சில் ஏந்தியவராகவே அவர் கண்ணயர்ந்தார்.

புதுவைச் சரித்திரம் பாரதியாருடையது. 1908 முதல் 1918 வரை அங்கே வாழ்ந்த நாட்களில், முத்தியாலுப்பேட்டை மாந்தோப்பொன்றை நாடிச் சென்று தனித்திருப்பது அவர் வழக்கம். அந்தத் தோப்பே குயில் பாட்டின் களமாயிற்று. காதலும் பொறாமையும் முற்பிறப்பும் கலந்த அந்த நெடுங்கதை முடிகிற இடத்தில், கவிஞர் கண் விழித்து, தம்மைச் சுற்றிப் பழைய ஏடுகளும் பேனாவும் செய்தித்தாள்களும் பாயும் கிடக்கக் கண்டு, எல்லாம் அந்திப் பொழுதின் மயக்கத்தில் எழுந்த கற்பனையே என்று தெளிகிறார். ஆழ்ந்த துயில் அன்று, துயிலின் வாயிற்படி. பாரிஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனை இந்த வாயிற்படியைத்தான் அளந்தது. மறைந்த விதியொன்று பொதிந்த எண் கணக்குகளைச் சிலரிடம் கொடுத்துப் பழக்கி, பின் 20 நிமிஷம் இளைப்பாற விட்டதில், குறைந்தது 15 விநாடியேனும் முதல்நிலை உறக்கத்தைத் தொட்டவர்களுள் 83 சதவீதத்தினர் அவ்விதியைக் கண்டுகொண்டனர். விழித்தே இருந்தவர்களுள் 30 சதவீதத்தினரே கண்டனர். இன்னும் ஆழ்ந்து உறங்கியவர்களுக்கோ அந்த லாபம் கிட்டவில்லை.

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளியதாகச் சொன்ன கணித மேதை ராமானுஜன், பகலெல்லாம் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் பலகையில் எழுதி, முழங்கையாலேயே அழித்தழித்துக் கணக்கிட்டவர். பாம்பு தன் வாலைக் கவ்வும் கனவில் பென்சீன் வளையத்தைக் கண்டதாக 1890-இல் உரைத்த வேதியியல் அறிஞர் கெக்குலேயும் அந்தப் பிரச்சினையில் ஊறிக் கிடந்தவரே. வெறுங்கையோடு உறங்கப் போனவனுக்கு உறக்கம் எதையும் கொடுத்தனுப்பியதாக நான் எங்கும் படித்ததில்லை.

உறங்குமுன் கையில் ஏந்த வேண்டியது சுந்தரர் ஏந்தியது போன்ற ஒரு நியமமே. அந்த நியமம் என்ன செய்கிறது என்பதைக் கண்ணாரக் காண விரும்புவோர் திண்டிவனத்துக் கிராமங்களில் தெருக்கூத்து நடக்கும் இரவில் ஒப்பனைக் கொட்டகைக்குப் போகவேண்டும். துரியோதன வேஷக்காரர் விளக்கொளியில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்கிறார். அவசரம் என்பதே இல்லை. பின்பு திரைக்குப் பின்னே நின்று பாடி, திரை விலகும்போது, நெல் விதைத்த கைகளை உடைய அந்த மனிதர் அஸ்தினாபுரத்தரசராக நிற்கிறார்; விடியும் வரை அப்படியே ஆடுகிறார்.

உறக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. இரவு முழுவதும் விழித்துப் பாட்டையும் வசனத்தையும் சமயத்துக்கேற்பப் புனையும் இந்தக் கூத்து வாத்தியார்கள் எப்போது உறங்குகிறார்கள், ஆடப் போகுமுன் எதை உண்கிறார்கள், எதை விலக்குகிறார்கள், கனவில் பாட்டுக் கேட்டதுண்டா என்பவற்றை, அவர்களுள் முதியோர் நம்மோடிருக்கும்போதே, நம் பல்கலைக்கழகங்கள் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும்.