கர்க்கடகக் கஞ்சி

நமக்கு ஆடி என்றால் கேரளத்தில் கர்க்கடகம். மழை விடாது, பசி மந்தம். மழைக்காலத்தில் சீரண அக்கினி தணியும் என்கிறது வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். அதற்கேற்ற உணவு இந்தக் கஞ்சி.

ஏறக்குறைய அறுபதே நாளில் விளையும் ஞவரை அரிசியைக் குழைய வேகவைப்பார்கள். கூடவே ஊறிய வெந்தயம், சீரகம், தசபுஷ்பம் எனும் பத்துப் பச்சிலைகளை இடித்துப் பிழிந்த சாறு. கடைசியில் தேங்காய்ப்பால், அது சேர்ந்தபின் கொதிக்கவிடக் கூடாது, திரிந்துவிடும்.

முதல் வாய் கசக்கும். இரண்டாவதில் அரிசியின் மெல்லிய இனிப்பு மேலே வரும். சிலர் வெல்லம் போடுவார்கள். எனக்கு அந்தக் கசப்புதான் வேண்டும். இப்போது பொட்டலமாகவும் விற்கிறார்கள். ஆனால் அன்றே பறித்த இலையின் வாசனை அதில் இல்லை. ஆடியில் அந்தப் பக்கம் போனால், வீட்டில் வைத்த கஞ்சியைக் கேட்டு வாங்கி, ஆறுமுன் குடியுங்கள்.