வேண்டுதலா, வியாதியா?

தோழி ஒருத்தி. பன்னிரண்டு வருஷ மணவாழ்க்கையிலிருந்து வெளியேறி மூன்று மாதம் கழித்து, இடுப்புவரை தொங்கிய பின்னலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். 'தலபாரம் எறங்கிடுச்சுப்பா' என்றாள். தெரு அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றது. ஆனால் அதற்கு முன் தெரு சில கேள்விகள் கேட்டது. திருப்பதியா, பழனியா? டைபாய்டு வந்துச்சா? மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை; கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். சாமி, வியாதி, சாவு. பெண்ணின் தலைமயிர் குறைய நம் சமூகம் வைத்திருக்கும் காரணங்கள் இவை மூன்றுதான். 'எனக்குத் தோணுச்சு, வெட்டிக்கிட்டேன்' என்பதற்கு இதில் இடமில்லை.

பெண்கள் பத்திரிகைகளோ வேறு கதை சொல்கின்றன. சிகையலங்காரம் உங்கள் மனசின் கண்ணாடி. புதிய கட்டிங், புதிய நீங்கள். இது பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. முடியை மாற்றிக்கொண்ட அன்று நடையே மாறிப்போவதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். ஆனால் இந்தச் சொல்லாடல் சலூன் கண்ணாடியில் ஒரு முகத்தை மட்டும்தான் பார்க்கிறது. பின்னால் நிற்கிற புருஷன், சாதி, தலைமையாசிரியர் யாரும் அதில் தெரிவதில்லை.

மயிர் நம் மொழியில் விசித்திரமான குறி. 'போடா மயிரு' என்றால் ஒன்றுக்கும் உதவாதது. ஆனால் வள்ளுவர் மானத்தைப் பற்றிப் பேச வரும்போது மயிரைத்தான் தொடுகிறார். மானம் என்கிற அந்த ஒரே அதிகாரத்தில், மயிர் போனால் உயிர்வாழாத கவரிமா ஒரு குறளில் வருகிறது. நிலை தாழ்ந்த மனிதருக்கு உவமையாகத் தலையிலிருந்து விழுந்த மயிர் இன்னொன்றில் வருகிறது. ஒட்டியிருக்கும்வரை மானம், உதிர்ந்தால் குப்பை. மானம் என்பது தனி ஆளுக்குச் சொந்தமில்லாத சமூகத்தில், அதைச் சுமக்கிற மயிர் மட்டும் எப்படித் தனி ஆளுக்குச் சொந்தமாகும்?

நம் காப்பியப் பெண்கள் கூந்தலால் பேசியிருக்கிறார்களே என்று கேட்கலாம். பேசியிருக்கிறார்கள். கண்ணகி விரித்த கூந்தலோடு பாண்டியன் அவைக்குப் போனாள். 1912இல் முதல் பாகம் வெளிவந்த பாரதியின் பாஞ்சாலி, பகைவர் ரத்தம் பூசாமல் குழல் முடிவதில்லை என்று சபதம் செய்தாள். ஆனால் கவனியுங்கள்: முடிவது, விரிப்பது, மறுபடி முடிவது. கோபம், துக்கம் என்ற மனநிலைகளுக்கு இந்த இலக்கணம் போதும்; விரித்ததை எப்போது வேண்டுமானாலும் முடிந்துகொள்ளலாம். வெட்டுவது அப்படியல்ல. வெட்டியது திரும்ப வராது; வளர்வது வேறு முடி. அதனால்தான் வெட்டுவதை மரபு துறவுக்கும் கைம்மைக்கும் ஒதுக்கியது. மாதவி குழல் களைந்தது துறவறத்துக்காக. புறநானூற்றுக் கைம்பெண்ணின் மழித்த தலை அவள் கேட்டு வந்ததல்ல. பெண்ணுக்கு மனநிலை அனுமதிக்கப்பட்டது. மாற்றம் அனுமதிக்கப்படவில்லை.

ஆண்கள் கதை வேறு. நீளமுடி பெண்மை, குட்டைமுடி ஆண்மை என்பது ஆதியிலிருந்து வருவதுபோலப் பேசுகிறோம். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் நம் ஆண்கள் பலருக்கும் குடுமிதான். கிராப்பு வெள்ளைக்காரன் வழியாக வந்தது, சொல்லே ஆங்கிலம்தான். குடுமியை எடுத்தவனை வீட்டில் திட்டியிருக்கிறார்கள், ஆனால் சீக்கிரமே அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே கிராப்பைப் பெண்களும் வெட்டிக்கொள்ளட்டும் என்று பெரியார் சொன்னபோது அது 'ஆம்பளையாகும்' முயற்சியாகத் தெரிந்தது. ஆணுக்கே இரவல் வந்த ஒன்று அதற்குள் ஆணின் இயற்கை ஆகிவிட்டிருந்தது.

மணலூர் மணியம்மையை இங்கே நினைக்க வேண்டும். பார்ப்பனக் குடும்பத்துக் கைம்பெண். கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை அணிந்து, கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகளைத் திரட்டிய கம்யூனிஸ்ட். 1953இல் இறந்தார். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' அவர் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட நாவல். அவர் பிறந்த சாதியில் விதவையின் தலையை நாவிதரின் கத்தி மழித்தது, அவளை ஆசையின் உலகத்திலிருந்து அப்புறப்படுத்த. மணியம்மையின் கிராப்பும் முடி குறைந்த தலைதான். ஆனால் அது வரப்பில் நடப்பதற்கான தலை. ஏறக்குறைய ஒரே உருவம், நேரெதிர் அர்த்தங்கள். கத்தி யார் சொல்லுக்கு நகர்ந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தக் கேள்வி பெண்களோடு முடியவில்லை. இன்றும் பல ஊர்களில் தலித் இளைஞர் ஊர்க்கடையில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்ள முடியாது. பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். கடைக்காரர் மறுத்தார் என்று எழுதுவது பாதி உண்மைதான். அவர் வெட்டினால் மற்ற சாதிக்காரர்கள் கடைக்கு வரமாட்டார்கள். அந்த இளைஞர் டவுனில் 'பாக்ஸ் கட்டிங்' வெட்டிக்கொண்டு திரும்பினால் அதற்கும் வசவு. சேரிப் பையன்களின் தலையைப் 'புள்ளிங்கோ' என்று கேலிசெய்கிற நாம், பள்ளிக்கூட வாசலில் அந்த முடி கத்தரிக்கப்படும்போது ஒழுக்கம் என்று தலையாட்டுகிறோம். புதிய கட்டிங் புதிய நீங்கள் என்பது யாருக்குச் சொல்லப்பட்ட வாசகம் என்று இப்போது புரியும்.

உடல் என்பது அதிகாரம் எழுதுகிற பிரதி என்று நம் நண்பர்கள் எழுதுகிறார்கள். சரி. ஆனால் தலைபாரம் எறங்கிடுச்சு என்ற அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது? அதை அதிகாரம் எழுதவில்லை.

தோழி இப்போது மறுபடி முடி வளர்க்கிறாள். ஒரு கூட்டத்தில் பார்த்தபோது தோள்வரை வந்திருந்தது. பூ வேறு வைத்திருந்தாள். நம் தோழர்களுக்கு முகம் வாடிவிட்டது. ஒருவர் கேட்டேவிட்டார்: 'என்னம்மா, பழையபடி ஆயிட்டியா?' தெரு கேட்ட மூன்றோடு இது நாலாவது கேள்வி. இதை நாம் கேட்டோம்.

அவள் சொன்னாள்: 'வெட்டுனப்ப தெருவுக்கு பதில் சொல்லல தோழர். வளக்கறப்ப ஒங்களுக்கு மட்டும் சொல்லணுமா?'