நடையும் குதிரையும்

மாணவர் கட்டுரையின் ஓரத்தில் ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் எழுதும் கண்டனச் சொற்களுள் 'பெடெஸ்ட்ரியன்' என்பதும் ஒன்று. கற்பனை வறண்டது, புதுமையற்றது, சப்பென்றிருப்பது என்பன அதன் பொருள். அதே சொல் வீதியில் காலால் நடந்து செல்பவனைக் குறிக்கும். மலையக எழுத்தைப் பற்றிப் பேச்செழும்போது, ஆங்கிலங் கற்ற நம் விமர்சகர் சிலரின் நாவில் இச்சொல் தவறாது வந்து நிற்கிறது. ஆதலின் அதன் பிறப்பை நாம் சற்று விசாரித்தல் வேண்டும்.

இலத்தீனில் 'பெடெஸ்தர்' என்றால் காலால் நடப்பவன். அதன் எதிர்ச்சொல் 'எக்வெஸ்தர்', குதிரை ஏறியவன். உரோமில் இவ்வேறுபாடு வெறும் பயண முறை பற்றியதன்று. குதிரையின் பெயரால் ஒரு சமூக வகுப்பே இருந்தது. நான்கு இலட்சம் செஸ்டெர்ஸ் சொத்துடையவனே அதில் இடம்பெறலாம். கிரேக்கரோ கவிதையைத் தேரில் ஏற்றி, உரைநடையைக் காலால் நடக்க விட்டனர். ஆங்கிலத்தில் இச்சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. வியப்பு யாதெனின், 'சுவையற்ற எழுத்து' என்னும் பொருளே அங்கு முந்தியது. தெருவில் நடக்கும் மனிதனை அது குறிக்கத் தொடங்கியது அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். வசை முன்னே வந்தது, மனிதன் பின்னே வந்தான்!

இதனால் இச்சொல் முழுவதும் வர்க்க வெறுப்பே என்று சாதிப்பது மிகையாகும். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவனின் மகனான ஹொரேஸ், தன் அங்கதக் கவிதையின் கலைத்தெய்வத்தை நடந்து செல்பவள் என்றே அழைத்தான். அதில் அடக்கமும் உண்டு, சிறிது குறும்பும் உண்டு.

தமிழில் நிலை வேறு. எழுத்தின் பாங்கையே நாம் 'நடை' என்கிறோம். தொல்காப்பியரும் உரையின் வகைகளைக் கூறுமிடத்து அச்சொல்லையே ஆள்கின்றார். செய்யுளின் வரி நமக்கு 'அடி'. பத்துப்பாட்டில் ஐந்து, ஆற்றுப்படைகள். அவற்றுள் முருகாற்றுப்படை ஒழிந்த நான்கும் வயிறு காய்ந்த கலைஞன் ஒருவனுக்கு, பரிசில் பெற்று மீள்பவன் வழிகாட்டும் பாட்டுக்கள். கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தேதான் போனாள். வழிநடைச் சிந்தென்று ஒரு பிரபந்த வகையே நம்மிடம் உண்டு. இத்தகைய மொழியினர், நடப்பவனைக் கற்பனையற்றவன் என்று சொல்ல இன்னொருவரிடம் சொல் கடன் வாங்குவது விந்தையன்றோ?

ஊவாவின் தோட்டங்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர், பின்னர் மலையேறினர். காலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல். அதற்கு முன் ஹாலிஎலைக்கும் பசறைக்கும் லுணுகலைக்கும் வந்த முதற் தலைமுறைக்குக் கால்தான் வண்டி. வந்த பின்னரும் விடிகாலைத் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்கு நடை; கூடையுடன் மலைக்கு நடை; கொழுந்து நிறுக்க நடை. துரை மட்டும் குதிரையில் மலையைச் சுற்றினான். 'எக்வெஸ்தர்', 'பெடெஸ்தர்' என்னும் இரண்டும் ஒரே மலைச்சரிவில் கண்ணுக்குத் தெரிய நின்றன.

அந்நடையிலிருந்தே மலைநாட்டின் முதல் இலக்கியம் பிறந்தது. கங்காணியின் ஏய்ப்பும், பிரிந்த ஊரின் நினைவும், கைப்பிள்ளையின் அழுகையும் கலந்த அப்பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்திராவிடின் பல அழிந்தே போயிருக்கும். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்கள் கட்டிய பாட்டுக்கள் அவை. அவற்றிலுள்ள கேலியைக் கேட்ட எவரும் கற்பனைப் பஞ்சம் என்று சொல்லத் துணியார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்தில் எழுந்த மரபு விவாதத்தில், உழைப்போரின் பேச்சைக் கதையில் எழுதியதற்கு 'இழிசனர் வழக்கு' என்ற பழி சுமத்தப்பட்டது. அதுவும் குதிரை மேலிருந்து வந்த குரலே. ஆயினும் நம்மவரின் குறையை மறைப்பதும் நேர்மையன்று. கொடிய துரை, வஞ்சகக் கங்காணி, கொழுந்து பறிக்கும் அழகி, இறுதியில் ஒரு முழக்கம் என்று ஒரே அச்சில் வார்த்த கதைகள் மலையகத்திலும் ஏராளம். அவை நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே காலை உதைக்கின்றன.

பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளையிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) அவ்வச்சுக்கு அகப்படாதவர். தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட அவர், லயத்துக் காம்பறாவின் சிறு சச்சரவையும் சிறு ஏமாற்றத்தையும் உரத்துப் பேசாமலே கதையாக்கினார். 1979இல் வெளிவந்த அவரது தொகுதியின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் சுதந்திரப் பாட்டு நினைவுக்கு வருகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களிடையே அத்தலைப்பு எப்படி ஒலித்திருக்கும் என்பதும் நினைவுக்கு வருகிறது. வாயளவில் சாதாரணமான மூன்று சொற்கள். பெடெஸ்ட்ரியன் என்று ஒதுக்கப்படத்தக்க மூன்று சொற்கள்.

சத்தற்ற எழுத்தைக் குறிக்க ஆசிரியர்களுக்குச் சொற்பஞ்சம் இல்லை. வறட்டு எழுத்து, தேய்ந்த எழுத்து, இரவல் எழுத்து என்று உள்ளதைச் சொல்லலாம். பசறை வீதியிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுட் சிலர் முதலிற் கற்ற பள்ளிக்கூடம் கால்நடையாகவே எட்டக்கூடிய தொலைவில் இருந்தது.